ஒரு சிறு கிளைதானே!

தோ பாயோவில் உள்ள ஒரு பழைய மூவறை வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். பாட்டியின் படுக்கை சன்னலோரமாக இருக்கிறது. அறையில் இருப்பதோ ஒரே ஒரு சாக்கெட். அதுவும் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மின்விசிறியின் வயர் தரையில் குறுக்கே கிடக்கிறது. கைப்பேசிக்கு மின்னூட்டம் செய்ய இன்னொரு நீட்டிப்பு வயர். இரவில் கழிவறைக்குச் செல்ல எழும் பாட்டி, இருட்டில் அந்த வயர்களில் கால் தடுக்கி விழுந்துவிடுவாரோ என்று குடும்பத்தினர் அஞ்சுகிறார்கள்.

"படுக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு சாக்கெட் வைத்துவிடலாம். இங்கே இருக்கும் சாக்கெட்டிலிருந்து ஒரு கிளை எடுத்தால் போதும். அரை மணி நேர வேலை. நானே செய்துவிடுகிறேன்," என்கிறார் மாமா.

"எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமே, மாமா?" என்று பேத்தி தயங்கிக் கேட்கிறாள்.

"இதற்கெல்லாமா? ஒரு சிறு கிளைதானே!"

இந்த உரையாடல் பல வீடுகளில் நடக்கக்கூடியது. மாமாவின் நோக்கத்தில் தவறு இல்லை. வயதான தாயின் பாதுகாப்பை நினைத்துத்தான் அவர் திருப்புளியைக் கையில் எடுக்கிறார். தரையில் வயர் கிடக்கக் கூடாது என்று நினைப்பதும் சரியே. ஆனால், அவர் தேர்ந்தெடுத்த வழிதான் தவறு. வீட்டு மின்கம்பியில் ஒரு கிளையைச் சேர்ப்பது எவ்வளவு சிறிய வேலையாகத் தோன்றினாலும், அதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். சட்டம் அப்படிச் சொல்கிறது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. புதிய கிளையின் பாதுகாப்பைத் தீர்மானிப்பது அந்தக் கிளை அன்று. சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பழைய கம்பி. அதைச் சோதிக்காமல் புதிதாக எதையும் இணைக்கக் கூடாது.

பழைய வீடு, புதிய வாழ்க்கை

தோ பாயோ, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முழுமையாகத் திட்டமிட்டுக் கட்டிய முதல் நகரம். 1960களில் சதுப்பு நிலமும் கம்பத்து வீடுகளும் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1972ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வருகை தந்த பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத் அரசியார், தோ பாயோவின் 53ஆம் புளோக்கிற்கு வந்து அதன் உச்சியிலிருந்து நகரைப் பார்வையிட்டார். அந்தக் காலத்துப் புளோக்குகள் பலவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.

அன்று ஒரு வீட்டில் என்னென்ன மின்பொருள்கள் இருந்திருக்கும்? சில விளக்குகள், மின்விசிறி, வானொலி, இஸ்திரிப் பெட்டி ஆகியவை இருந்திருக்கும். வசதி இருந்தால் குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் இருந்திருக்கும். இன்று நிலைமை வேறு. குளிரூட்டி, நீர் சூடேற்றி, சலவை இயந்திரம், நுண்ணலை அடுப்பு, மின்கெண்டி, கணினி, இணையக் கருவி, ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பேசி என்று பட்டியல் நீள்கிறது. மனிதர்களின் வாழ்க்கை மாறிவிட்டது. சுவரில் இருக்கும் சாக்கெட்டுகளின் எண்ணிக்கைதான் மாறவில்லை. அதனால்தான் "இன்னொரு சாக்கெட் வேண்டும்" என்ற தேவை எழுகிறது.

வீட்டிற்கு வரும் மின்சாரத்திற்கும் ஓர் எல்லை உண்டு. சிங்கப்பூரில் வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வழங்கப்படுகிறது. 1994ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட வீவக வீடுகளுக்குப் பொதுவாக 30 ஆம்பியர் அளவிலேயே மின்னிணைப்பு இருந்தது. 230ஐ 30ஆல் பெருக்கினால் 6,900 வாட். அந்த வீடு ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய மின்சாரம் ஏறத்தாழ இவ்வளவுதான். பின்னர் வந்த வீடுகளுக்கு 40 ஆம்பியர், அதாவது 9,200 வாட் கிடைத்தது. 2007ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், பழைய வீடுகளின் மின்கொள்ளளவை உயர்த்துவதும் அவசியமான பணிகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. மக்களின் மின்தேவை எவ்வளவு வளர்ந்துவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே, புதிய சாக்கெட் வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எங்கே வைக்கலாம்?" என்பதன்று. "இந்த வீடு இன்னும் எவ்வளவு சுமையைத் தாங்கும்?" என்பதே ஆகும்.

கம்பியின் பொறுமைக்கும் எல்லை உண்டு

மின்கம்பியைத் தண்ணீர்க் குழாய்க்கு ஒப்பிடுவார்கள். இந்த ஒப்புமை ஓரளவுதான் பொருந்தும். மெல்லிய குழாயில் அதிகத் தண்ணீர் கேட்டால் தண்ணீர் குறைவாக வரும்; வேறு தீங்கு நேராது. மெல்லிய கம்பியில் அதிக மின்சாரம் கேட்டால், கம்பி தடுக்காது, கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆனால், அது சூடாகும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை மாணவர்கள் அறிவியல் பாடத்தில் படிக்கலாம். அந்த வெப்பம் கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையை நாளடைவில் கெடுத்துவிடும். உறை வெடித்தால் மின்கசிவு ஏற்படும். சில நேரங்களில் தீயும் பற்றும்.

இதைத் தடுக்கவே மின்பகிர்வுப் பெட்டியில் மின்துண்டிப்பான்கள் உள்ளன. ஒவ்வொரு மின்சுற்றுக்கும் ஒரு துண்டிப்பான் இருக்கும். கம்பியின் கனத்திற்கு ஏற்ப அதன் அளவு தேர்ந்தெடுக்கப்படுகிறது. விளக்குகளுக்குப் பொதுவாக 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியையும் சாக்கெட்டுகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியையும் பயன்படுத்துவார்கள். மெல்லிய கம்பிக்குச் சிறிய துண்டிப்பான். கனமான கம்பிக்குப் பெரிய துண்டிப்பான். இரண்டும் பொருந்தியிருக்கும்வரை, கம்பி ஆபத்தான அளவுக்குச் சூடாவதற்கு முன்பே துண்டிப்பான் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

இந்தப் பொருத்தத்தைத்தான் அனுபவமற்ற கைகள் கலைத்துவிடுகின்றன. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக விளக்கின் கம்பியிலிருந்து ஒருவர் சாக்கெட்டுக்குக் கிளை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் துண்டிப்பான் விழுகிறது. மீண்டும் தூக்கிவிட்டால் மீண்டும் விழுகிறது. "இது சின்னது, பெரியதாக மாற்றினால் சரியாகிவிடும்," என்று அவர் பெரிய துண்டிப்பானைப் பொருத்துகிறார். இப்போது அது விழுவதில்லை. வேலை வெற்றி பெற்றதாக அவர் மகிழ்கிறார். உண்மையில், ஆபத்தை அறிவித்துக்கொண்டிருந்த ஒரே காவலாளியின் வாயை அவர் அடைத்துவிட்டார். துண்டிப்பான் அடிக்கடி விழுவது தொல்லையன்று, அது எச்சரிக்கை.

வேலை செய்கிறது என்பதால் சரி என்று ஆகுமா?

"இணைத்தேன், விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது. பிறகென்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. மின்வேலையில் மிகவும் ஏமாற்றும் வாதம் இதுதான். மின்சாரத்தைப் பொறுத்தவரை, தவறாகச் செய்த வேலையும் பல ஆண்டுகள் ஒழுங்காக நடப்பதுபோல் தோன்றலாம்.

ஒரு கிளையைச் சேர்க்கும்போது கம்பிகளை ஓரிடத்தில் இணைக்க வேண்டியிருக்கிறது. அந்த இணைப்பின் திருகு சற்றுத் தளர்வாக இருந்தால் அந்த இடத்தில் மின்தடை உருவாகும். தடை அரை ஓம் அளவே இருக்கட்டும். அதன் வழியே 10 ஆம்பியர் மின்சாரம் சென்றால் 50 வாட் வெப்பம் உண்டாகும். மாணவர்கள் பள்ளிப் பட்டறையில் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் பற்றவைப்புக் கோலின் சூடு ஏறத்தாழ இந்த அளவுதான். அத்தகைய சூடு, சுவரில் உள்ள சிறு பெட்டிக்குள், ஒரு பட்டாணி அளவு இடத்தில் தேங்குகிறது. துண்டிப்பானுக்கோ 10 ஆம்பியர் செல்வது மட்டுமே தெரியும். அது வழக்கமான அளவு என்பதால் துண்டிப்பான் அமைதியாக இருக்கும். இணைப்பு மட்டும் உள்ளுக்குள் கருகிக்கொண்டிருக்கும்.

சுவருக்குள் இருக்கும் சுற்று எந்த வகையைச் சேர்ந்தது என்பதும் வெளியிலிருந்து தெரியாது. சில வீடுகளில் கம்பி பெட்டியிலிருந்து புறப்பட்டு, எல்லாச் சாக்கெட்டுகளையும் தொட்டுவிட்டு, மீண்டும் பெட்டிக்கே திரும்பும். இது வளையச் சுற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் செம்புக்குத் தட்டுப்பாடு இருந்தபோது செல்வாக்குப் பெற்ற முறை இது. இன்று சிங்கப்பூரில் பயன்படும் சதுரமான மூன்று கால் பிளக்கும் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் தரநிலையிலிருந்து வந்ததுதான். வேறு சில வீடுகளில் கம்பி ஒரு திசையில் சென்று கடைசிச் சாக்கெட்டோடு முடிந்துவிடும்.

வளையச் சுற்றில் மின்சாரம் இரு பக்கங்களிலிருந்தும் வருகிறது. சுமையை இரு கம்பிகள் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால், வளையத்திலிருந்து வெளியே நீளும் கிளையில் ஒரே கம்பிதான் உண்டு. பகிர்ந்துகொள்ளத் துணை இல்லை. ஆகவே, அந்தக் கிளையில் ஒரு சாக்கெட்டுக்கு மேல் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போகக் கூடாது. இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்றும் உண்டு. வளையம் எங்காவது அறுந்திருந்தாலும் எல்லாச் சாக்கெட்டுகளும் வழக்கம்போலவே வேலை செய்யும். வீட்டில் இருப்பவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. இருவர் தூக்க வேண்டிய சுமையை ஒருவர் மட்டும் தூக்கிக்கொண்டிருப்பார். அதன்மேல் இன்னொரு கிளையின் சுமையும் ஏறினால் என்ன ஆகும்?

அறுந்த வளையத்தையும் பழுதான உறையையும் தொடர்பற்ற நிலக்கம்பியையும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உரிய கருவிகளால் சோதித்தே அறிய முடியும். பயிற்சி பெற்ற மின்பணியாளர் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, நின்றுவிட்டதா என்று கருவியால் உறுதி செய்துகொள்வார். பிறகு கம்பியின் தொடர்ச்சியையும் உறையின் காப்புத் திறனையும் நிலக்கம்பியையும் சோதிப்பார். வேலை முடிந்தபின் மீண்டும் சோதிப்பார். அரை மணி நேர வேலை என்று மாமா சொன்னது, திருகுகளைக் கழற்றி மாட்டும் நேரத்தை மட்டுமே. சோதனையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சாக்கெட்டில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டாலும் அதன் பின்னால் வரும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை.

பழைய வீடுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. முன்பு மின்சாரம் வரும் கம்பி சிவப்பாகவும் அது திரும்பும் கம்பி கறுப்பாகவும் இருந்தன. இப்போது வரும் கம்பி பழுப்பு. திரும்பும் கம்பி நீலம். பல முறை புதுப்பிக்கப்பட்ட வீட்டில் இரு தலைமுறை வண்ணங்களும் கலந்திருக்கலாம். முன்பு வேலை செய்தவர் வண்ண விதியைப் பின்பற்றினாரா என்பதும் யாருக்கும் தெரியாது. "ஆழமறியாமல் காலை விடாதே" என்ற பழமொழி இந்த இடத்திற்கு மிகவும் பொருந்தும்.

உயிர் காக்கும் ஒரு சிறு கருவி

மின்துண்டிப்பான் கம்பியைக் காக்கும், மனிதரைக் காக்காது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வது மிக முக்கியம். ஒருவரின் உடலில் 30 மில்லிஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் சிறிது நேரம் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து நேரலாம். பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் உருகியோ அதைப் போல 400 மடங்குக்கும் அதிகமான மின்சாரத்தைத் தடையின்றி அனுமதிக்கும். மனிதர் துடித்துக்கொண்டிருந்தாலும் அந்த உருகிக்கு அது ஒரு சிறு சுமையே.

மனிதரைக் காப்பதற்காக இருப்பது ஆர்சிசிபி எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். அது வீட்டிற்குள் போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். திரும்பி வருவது குறைந்தால், எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள். அது ஒரு மனிதரின் உடல் வழியாகவும் கசியலாம். அந்தக் கணமே ஆர்சிசிபி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வீடுகளில் பொருத்தப்படுவது 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே செயல்படும் கருவியாகும்.

1985ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் இந்தக் கருவி இருக்கும். அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் இல்லாமல் இருக்க வாய்ப்புண்டு. தோ பாயோவின் பழைய புளோக்குகள் பல இந்தக் காலத்திற்கு முற்பட்டவை. ஆகவேதான், எரிசக்திச் சந்தை ஆணையம் எல்லா வீடுகளிலும் இந்தக் கருவி இருக்க வேண்டும் என்ற விதியை 2023ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி நடைமுறைப்படுத்தியது. இல்லாத வீடுகள் அதைப் பொருத்திக்கொள்ள இரண்டு ஆண்டுக் கால அவகாசமும் அளிக்கப்பட்டது. தகுதி பெறும் வீவக குடும்பங்களுக்குச் செலவின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும் உதவித் திட்டமும் கொண்டுவரப்பட்டது. இது பாராட்டத்தக்க நடவடிக்கை.

எனினும், "ஆர்சிசிபி இருக்கிறது, இனி யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம்," என்று நினைப்பது தவறு. கம்பியில் சுமை கூடினால் அந்தக் கருவி தடுக்காது. தளர்ந்த இணைப்பு சூடானாலும் அதற்குத் தெரியாது. ஒருவர் ஒரு கையால் மின்சாரம் வரும் கம்பியையும் மறு கையால் அது திரும்பும் கம்பியையும் தொட்டால், போவதும் வருவதும் சமமாகவே இருக்கும். கருவி அமைதியாக இருந்துவிடலாம். கார்களில் இருக்கை வார் இருக்கிறது என்பதற்காக யாரும் கண்களை மூடிக்கொண்டு ஓட்டுவதில்லை. ஆர்சிசிபியும் அப்படிப்பட்டதே. அது கடைசிக் காப்பு. முதல் காப்பு முறையான வேலை.

மறுப்போரின் வாதங்கள்

இந்தக் கருத்தை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் வாதங்களில் நியாயம் உண்டு. அவற்றைக் கேட்காமல் ஒதுக்குவது சரியன்று.

முதல் வாதம் செலவு. ஒரு சாக்கெட்டுக்காக மின்பணியாளரை அழைத்தால் பணம் கொடுக்க வேண்டும். ஓய்வுபெற்ற முதியவர்களுக்கு அது சுமையாக இருக்கலாம். அதனால்தான் சிலர் நீட்டிப்பு வயரில் இன்னொரு நீட்டிப்பு வயரைச் செருகிச் சமாளிக்கிறார்கள். ஆனால், அதுவும் பாதுகாப்பான வழியன்று. ஒரு 13 ஆம்பியர் சாக்கெட் ஏறத்தாழ 3,000 வாட் சுமையைத்தான் தாங்கும். 2,000 வாட் மின்கெண்டி, 700 வாட் சோறு சமைக்கும் கலன், 900 வாட் ரொட்டி சுடும் கருவி ஆகிய மூன்றையும் ஒரே நீட்டிப்பில் செருகி ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் சுமை 3,600 வாட் ஆகிவிடும். மின்சாரத்தால் ஏற்படும் தீ, சிங்கப்பூர் வீடுகளில் நிகழும் தீச்சம்பவங்களின் முக்கியக் காரணங்களில் ஒன்று என்று குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து எச்சரித்து வருகிறது.

செலவைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. புதிய சாக்கெட் உண்மையிலேயே தேவையா என்று முதலில் சிந்திக்கலாம். மாமா வீட்டில், பாட்டியின் கட்டிலைக் கதவுப் பக்கம் நகர்த்திப்போட்டாலே சிக்கல் தீர்ந்துவிடக்கூடும். அதற்குச் செலவே இல்லை. தேவை உறுதி என்றால், வீட்டில் செய்ய வேண்டிய மின்வேலைகள் அனைத்தையும் பட்டியலிட்டு ஒரே நாளில் செய்யச் சொல்லலாம். மின்பணியாளர் பலமுறை வந்துபோகும் செலவு மிச்சமாகும்.

இரண்டாவது வாதம் தன்னம்பிக்கை. "தன் கையே தனக்குதவி" என்று சொல்லித்தானே பிள்ளைகளை வளர்க்கிறோம், எல்லாவற்றுக்கும் பிறரை நம்பினால் திறன் எப்படி வளரும் என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். உடைந்த நாற்காலியைச் சரிசெய்வதும் சுவருக்குச் சாயம் பூசுவதும் சொந்தக் கையால் செய்ய ஏற்றவை. அவற்றில் பிழை நேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், திருத்திக்கொள்ளலாம். மின்வேலையில் நேரும் பிழை சுவருக்குள் மறைந்துவிடும். அதன் விலையைக் கொடுப்பவர் பிழை செய்தவராக இல்லாமலும் போகலாம். பல ஆண்டுகள் கழித்து ஈரக்கையோடு அந்தச் சாக்கெட்டைத் தொடும் பாட்டியாக இருக்கலாம். வீட்டை வாங்கும் அடுத்த குடும்பமாக இருக்கலாம். மேல்மாடியில் உறங்கிக்கொண்டிருக்கும் அண்டைவீட்டாராகவும் இருக்கலாம்.

மூன்றாவது வாதம் பிற நாடுகளைப் பற்றியது. இங்கிலாந்தில் வீட்டு மின்வேலைகளுக்கான கட்டட விதிகள் 2005ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தன. இருப்பினும், குளியலறை போன்ற இடங்களைத் தவிர்த்து, ஏற்கெனவே உள்ள சுற்றில் ஒரு சாக்கெட்டைச் சேர்ப்பது போன்ற சிறு வேலைகளை அங்கு வீட்டுக்காரரே முன் அறிவிப்பின்றிச் செய்யலாம். "அங்கே முடிந்தால் இங்கே ஏன் முடியாது?" என்று கேட்கிறார்கள். அங்கும் வேலை பாதுகாப்பான முறையில் அமைய வேண்டும் என்ற கடமை நீங்கிவிடவில்லை. மேலும், அங்கு ஏராளமானோர் தரையோடு அமைந்த வீடுகளில் வாழ்கிறார்கள். தோ பாயோவிலோ ஒருவரின் கூரை இன்னொருவரின் தரை. ஒரே தாழ்வாரத்தைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் புகை அந்தத் தாழ்வாரத்தில்தான் சூழும். நெருங்கி வாழும் இடத்தில் விதியும் சற்று இறுக்கமாக இருப்பதே முறை.

என்ன செய்யலாம்?

எரிசக்திச் சந்தை ஆணையம் மின்பணியாளர்களுக்கு மூன்று நிலைகளில் உரிமம் வழங்குகிறது. மின்வினைஞர், மின்தொழில்நுட்பர், மின்பொறியாளர் என்பவை அவை. முதல் நிலையில் உள்ளவரே 45 கிலோவோல்ட்-ஆம்பியர் வரையிலான மின்னமைப்புகளில் வேலை செய்யலாம். ஒரு வீவக வீட்டின் தேவை இதைவிட மிகக் குறைவு. ஆகவே, சாதாரண வீட்டு வேலைக்குப் பெரிய பொறியாளரைத் தேட வேண்டியதில்லை. உரிமம் உள்ளவரா என்பதை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிச் சரிபார்க்கலாம். வீட்டைப் புதுப்பிக்கும் குத்தகையாளர் அழைத்து வந்தவர் என்பதற்காக ஒருவரிடம் உரிமம் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வேலை தொடங்குவதற்கு முன் குடும்பத்தினர் சில கேள்விகளைக் கேட்கலாம். வீட்டின் மொத்த மின்கொள்ளளவு எவ்வளவு? புதிய கிளை எந்தச் சுற்றிலிருந்து எடுக்கப்படுகிறது? அந்தச் சுற்றில் இப்போது எவ்வளவு சுமை உள்ளது? கம்பியின் கனத்திற்கும் துண்டிப்பானின் அளவுக்கும் பொருத்தம் உண்டா? ஆர்சிசிபி சரியாகச் செயல்படுகிறதா? வேலை முடிந்தபின் என்னென்ன சோதனைகள் செய்யப்படும்? நல்ல மின்பணியாளர் இக்கேள்விகளைக் கேட்டு எரிச்சல் அடையமாட்டார். மாறாக, விவரம் தெரிந்தவர்களின் வீட்டில் வேலை செய்கிறோம் என்று மகிழ்வார். குளிரூட்டி, நீர் சூடேற்றி போன்ற பெரிய கருவிகளுக்குக் கிளை போதாது. பெட்டியிலிருந்தே தனிச் சுற்று வேண்டும் என்பதையும் அவர் விளக்குவார்.

மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மின்வேலையில் கைவைக்கக் கூடாது என்பதற்கு மின்சாரத்தைப் பற்றி அறிந்துகொள்ளக் கூடாது என்று பொருளில்லை. உண்மையில், அறிந்தவரே அளவோடு நடந்துகொள்வார். தாத்தா பாட்டி வாழும் வீட்டிற்குச் செல்லும்போது, மின்பகிர்வுப் பெட்டியில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்லலாம். அதில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்கும்படி நினைவூட்டலாம். அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உடனே மின்பணியாளரை அழைக்க வேண்டும். சாக்கெட் சூடாக இருப்பது, கருகிய வாடை வருவது, பிளக்கின் மேல் பழுப்புக் கறை படிவது, சுவிட்சைப் போடும்போது சடசடவென்று சத்தம் கேட்பது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள் என்பதை எடுத்துச் சொல்லலாம். நீட்டிப்பு வயர் வாங்கும்போது பாதுகாப்பு முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்க உதவலாம்.

மீண்டும் அந்த மூவறை வீட்டிற்கு வருவோம். பேத்தி கேட்ட கேள்வி சிறியது. ஆனால், அந்த வீட்டில் அன்று சொல்லப்பட்டவற்றுள் மிகப் பொறுப்பான சொல் அதுதான். மாமா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தால் அவருடைய மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. தாய்க்காக வேலை செய்ய நினைத்தவர், தாய்க்காகவே அந்த வேலையை உரியவரிடம் விட்டுக்கொடுக்கிறார். அதுவும் அன்பின் ஒரு வடிவம்தான்.

கிளை சிறியதாக இருக்கலாம். ஆனால், அது எந்தக் கம்பியில் சேர்கிறதோ அந்தக் கம்பியை நம்பி ஒரு வீடே உறங்குகிறது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் கருவியும் பயிற்சியும் உரிமமும் உள்ளவர்களே அதைத் தொட வேண்டும்.